லிஃப்ட் பணம் எங்கே?

மார்ச் 3, திங்கள்

மூடிவிட்டேன். இனி அந்த வங்கியின் வாசலை மிதிக்க வேண்டாம்.

நான் போனது மூடுவதற்கு இல்லை. லிஃப்ட் கம்பெனி பேருக்கு ஒரு டிராஃப்ட் எடுக்கத்தான் போனேன். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்று இன்றோடு பதினொரு நாள். மோட்டார் போய்விட்டது, புதுசு போட வேண்டும், இரண்டு லட்சம் முன்பணம் கட்டினால்தான் ஆர்டர் கொடுப்போம் என்கிறார்கள். பணம் இருக்கிறது. நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். ஆறு வருஷமாக இருபத்தெட்டு வீட்டுக் கதவையும் மாதாமாதம் தட்டி நான் சேர்த்தது. பேருக்குத்தான் சங்கப் பொருளாளர், பார்ப்பது வசூல் வேலை.

இந்த வங்கி சேவைக் கட்டணம் என்று மாதாமாதம் பிடிக்கிறதே, வேறு வங்கிக்கு மாறிவிடலாம் என்று போன கூட்டத்தில் முடிவானது. புது வங்கியில் கணக்கும் திறந்தாயிற்று. "லிஃப்ட் வேலை முடியட்டும்மா, அப்புறம் நிதானமா பழசை மூடிக்கலாம்" என்று சொல்லித்தான் தலைவர் தீர்மானக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். நிதானம்! எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

ஐம்பது நிமிஷம் காத்திருந்தேன். என் முறை வந்ததும் கவுன்ட்டரில் இருந்த பெண் என் படிவத்தை இரண்டு விரலால் தள்ளினாள். "ஆன்ட்டி, இது பழைய ஃபாரம். புதுசு எழுதிட்டு மறுபடி டோக்கன் எடுங்க." ஆன்ட்டியாம். எனக்கு நாற்பத்தெட்டு, அவளுக்கு முப்பத்தைந்துக்குக் குறையாது. "டிராஃப்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். கணக்கை மூடுற ஃபாரத்தைக் குடும்மா" என்றேன். கொடுத்தாள். 'மூடுவதற்கான காரணம்' என்று இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கட்டம். எழுதித் தள்ளினேன். கட்டணம், வரிசை, நூலில் கட்டித் தொங்கவிட்ட மை வராத பேனா, ஆன்ட்டி, எல்லாம். இடம் போதாமல் பின்பக்கமும் போனது. மொத்தம் பதினோரு வரி. மனசு குளிர்ந்து போச்சு.

ஏழு வேலை நாளில் பணம் புதுக் கணக்குக்கு வந்துவிடுமாம். பன்னிரண்டாம் தேதி.

மார்ச் 6, வியாழன்

ஃபிரிட்ஜ் வந்தது. பழசு தண்ணீராய் ஒழுகுகிறது, இந்தப் புதுசைத் தவணையில் எடுத்தேன். லிஃப்ட் இல்லாததால் நாலு மாடியும் தோளில் தூக்கி வந்தார்கள். மாடிக்கு மாடி ஒரு கதவு திறந்து பார்த்தது. பணம் இன்னும் வரவில்லை.

மார்ச் 12, புதன்

வரவில்லை. காலையில் பார்த்தேன், மத்தியானம் நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும்போது பார்த்தேன், சாயங்காலம் பார்த்தேன். பூஜ்யம். தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸின் ஓரம் தெறித்துவிட்டது. முதலாளி ஒன்றும் சொல்லாமல் அதைக் குப்பையில் போட்டார். பதினெட்டு வருஷத்தில் நான் உடைத்த லென்ஸ்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

மார்ச் 13, வியாழன்

வங்கிக்குப் போனேன். மிதிக்க மாட்டேன் என்ற அதே வாசல். அதே பெண்.

"ப்ராசஸ்ல இருக்கு மேடம்."

ஆன்ட்டி போய் மேடம் ஆகிவிட்டேன். எந்த ப்ராசஸ், யார் கையில், எப்போது முடியும்? "ஹெட் ஆபீஸ்ல." ஹெட் ஆபீஸ் எங்கே? ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். இருபத்தாறு நிமிஷம் வாத்திய இசை கேட்டேன், அப்புறம் கட் ஆகிவிட்டது.

மார்ச் 15, சனி

இன்றைக்குப் படியில் பார்த்ததை எழுதாமல் தூங்க முடியாது.

ஆறாம் மாடியில் குண்டூசி இருக்கிறாள். தையல்காரி, எப்போதும் வாயில் நாலு குண்டூசி இருக்கும், அதனால் நான் வைத்த பேர். அவள் எனக்கு வைத்த பேர் பட்டாசு. பதினாலு வருஷ சினேகம். அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். இருபத்தைந்து வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இரண்டு வருஷமாகச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். லிஃப்ட் இருந்தவரை சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். இப்போது ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் ஒரு மர நாற்காலியில் கட்டித் தூக்கி இறக்குகிறார்கள். மாடிக்கு இவ்வளவு என்று கூலி. இறங்க ஒரு தடவை, ஏற ஒரு தடவை.

நாலாம் மாடித் திருப்பத்தில் நான் ஒதுங்கி நின்றேன். நாற்காலி சாய்ந்தபடி வந்தது. அண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா தம்பி, கிளட்ச்... கிளட்ச்... வளைவு வருது, ஹாரன் அடி" என்றார். தூக்கினவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பின்னால் பையோடு வந்த குண்டூசி சிரிக்கவில்லை.

"பணம் வந்துச்சாடி?"

"திங்கக்கிழமை வந்துடும்."

எந்த தைரியத்தில் சொன்னேன்?

மார்ச் 17, திங்கள்

வரவில்லை.

சாயங்காலம் தலைவர் படியிலேயே கூட்டம் போட்டார். அவர் தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், கீழ்த்தளம், லிஃப்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான். ஆனால் நல்ல மனுஷர். படிக்கு ஒருவராக உட்கார்ந்தோம். மூன்றாம் மாடி வக்கீல் குமாஸ்தா கீழ்ப்படியில் நின்றபடி ஆரம்பித்தார்.

"பழைய கணக்கு மூடியாச்சு. புதுக் கணக்குல பணமில்ல. அப்ப பணம் எங்க இருக்கு? நான் தப்பாக் கேக்கலையே?"

"வங்கியில இருக்கு."

"எந்தக் கணக்குல?"

மூடின சீட்டைக் காட்டினேன். அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், கள்ள நோட்டைப் பார்க்கிற மாதிரி. "லிஃப்டை முடிச்சிட்டு மூடலாம்னுதானே பேச்சு? என்ன அவசரம் வந்துச்சு?"

"அந்தப் பொண்ணு என்னை..." என்று வாயெடுத்தேன், நிறுத்திக்கொண்டேன். ஆன்ட்டி என்று கூப்பிட்டதற்காக நாலு லட்சத்தை அந்தரத்தில் விட்டேன் என்று எப்படிச் சொல்வது?

பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. "ஃபிரிட்ஜ் நல்லாயிருக்கு போல."

திரும்பினேன். எல்லா முகமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "யார் சொன்னது? எந்திரிச்சு நின்னு சொல்லுங்க!" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. கத்தினால் குற்றவாளி மாதிரிதானே தெரியும்? குண்டூசி ஏதாவது பேசுவாள் என்று அவளைப் பார்த்தேன். அவள் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 19, புதன்

இன்றைக்கு நடந்ததைக் கதையாக எழுதினால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

லீவு போட்டுவிட்டுப் போனேன். டோக்கன் மிஷின் கணக்கு எண் கேட்டது. பழைய எண்ணைத் தட்டினேன். 'இந்த எண்ணில் கணக்கு இல்லை.' டோக்கன் வரவில்லை. டோக்கன் இல்லாமல் கவுன்ட்டருக்குப் போனால், "டோக்கன் எடுங்க மேடம்."

"கணக்கு இல்லைங்குது. மூடின கணக்கும்மா."

"அப்ப நீங்க எங்க கஸ்டமர் இல்ல. கஸ்டமர் இல்லாதவங்களுக்குத் தகவல் குடுக்க முடியாது."

"என் பணம் உங்ககிட்ட இருக்கா இல்லையா?"

"அதுதான் மேடம் தகவல்."

ஒரு விநாடி எனக்கே சிரிப்பு வந்தது. அடுத்த விநாடி அழுகை. வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துகொண்டு மூக்கைச் சிந்தினேன். இழுத்தடிக்கிறார்கள், தெரிகிறது. ஆனால் ஏன்? யாருக்கு என்ன லாபம்? நாலு லட்சம் அவர்களுக்கு ஒரு தூசி.

மேனேஜர் பயிற்சிக்குப் போயிருக்கிறாராம். இருபத்தாறு வரை இல்லை.

மார்ச் 20, வியாழன்

எனக்கு முன்னால் படி ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேர் நான் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

மார்ச் 22, சனி

எழுதவா வேண்டாமா?

குண்டூசி வந்தாள். அண்ணனை மேலே ஏற்றிப் படுக்கவைத்துவிட்டு நேரே இறங்கி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். புது ஃபிரிட்ஜிலிருந்து. ஒரு மடக்குக் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத."

"சொல்லு."

"நீ எடுத்திருந்தாலும் பரவாயில்லடி."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறாளா?

"கஷ்டம் எல்லாருக்கும்தான் வருது. தனியா இருக்க. சத்தமில்லாம திருப்பி வச்சிடு. நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். இவரை இப்படித் தூக்கித் தூக்கி... என்னால முடியலடி."

பட்டாசு என்று பேர் வைத்தவளே இவள்தான். வெடிக்க வேண்டிய நேரத்தில் நமுத்துப்போய் நின்றேன். அவள் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டாள். கதவை மெதுவாகச் சாத்தினாள், நோயாளி இருக்கிற வீட்டில் சாத்துகிற மாதிரி.

குமாஸ்தா சொல்லட்டும். ஊரே சொல்லட்டும். நீயாடி? என் காய்ச்சலுக்கு மூணு ராத்திரி உட்கார்ந்தவ. என் அம்மா போனப்ப என் தலையை மடியில வச்சுக்கிட்டவ. பரவாயில்லையாம்! பெரிய மனசு பண்ணி மன்னிக்கிறாளாம், செய்யாத திருட்டுக்கு!

மார்ச் 23, ஞாயிறு

எழுந்திருக்கவே இல்லை.

மார்ச் 24, திங்கள்

வைப்பு நிதியை உடைத்தேன். இரண்டு லட்சத்து முப்பதாயிரம், வயசான காலத்துக்கு என்று வைத்திருந்தது, என்னிடம் இருக்கிறதே அவ்வளவுதான். முதிர்வுக்கு முன்னால் எடுத்ததால் வட்டியில் பாதி போச்சு. நேரே லிஃப்ட் கம்பெனிக்குப் போய் சங்கத்தின் பேரில் இரண்டு லட்சம் கட்டி ரசீது வாங்கினேன். பத்து நாளில் மோட்டார் வந்துவிடுமாம். வந்து இறங்குகிற அன்றைக்கே மீதி ஒன்றரை லட்சம் கொடுக்க வேண்டும்.

இது தர்மம் இல்லை. ரோஷம். தலைவரிடம் ரசீதைக் கொடுத்தேன். "பணம் வந்துடுச்சாம்மா?" என்றார். "கட்டியாச்சு சார்" என்று மட்டும் சொன்னேன். என் காசு என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொல்லி, பாவம் என்று பார்ப்பார்களா, அதுவும் வேண்டாம். எல்லோர் வாயும் மூடினால் போதும்.

மார்ச் 25, செவ்வாய்

நான் ஒரு முட்டாள். முட்டாள். முட்டாள்.

தலைவர் ரசீதை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார். காலையில் வேலைக்கு இறங்கும்போது குமாஸ்தா அதன் முன்னால் நின்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா? கூட்டம் போட்டுக் கேட்டதும் ஒரே வாரத்துல வந்துடுச்சு."

இரண்டு படி தாண்டி அப்படியே நின்றேன். உண்மைதானே, வேறு எப்படி நினைப்பார்கள்? வங்கியிலிருந்து வரவில்லை என்று நானே சொன்னேன். அப்புறம் பணம் மட்டும் வந்தது. எங்கிருந்து? என் கையிலிருந்து. திருடியவள் பயந்து திருப்பிக் கட்டினால் எப்படி இருக்குமோ அப்படியே செய்து வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் குண்டூசி படியில் எதிரே வந்தாள். என் கையைப் பிடித்து அழுத்தினாள். கண்ணில் தண்ணீர். "நல்ல காரியம் பண்ணினடி. நான் மறந்துட்டேன், நீயும் மறந்துடு" என்றாள்.

கையை உதறினேன். இனி அவளோடு பேச்சில்லை.

மார்ச் 27, வியாழன்

மேனேஜர் வந்துவிட்டார். டோக்கன் எல்லாம் எடுக்கவில்லை, கதவைத் திறந்துகொண்டு போய் உட்கார்ந்தேன். அவர் பயந்த மாதிரி இருந்தது. நல்லது.

கம்ப்யூட்டரில் தேடினார். புருவம் ஏறியது. திரையை என் பக்கம் திருப்பினார்.

"இது நீங்க எழுதினதா மேடம்?"

என் கையெழுத்து. பதினோரு வரி. பின்பக்கமும்.

விஷயம் இதுதான். காரணம் என்ற கட்டத்துக்குள் எழுதினால் மூடும் பிரிவுக்குப் போகும். கட்டத்தைத் தாண்டிப் பின்பக்கமும் எழுதினால் புகார் என்று பதிவாகிவிடும். புகார் நிலுவையில் இருக்கும்போது அந்தக் கணக்கின் பணத்தை ஒருவரும் தொடக் கூடாது. வாடிக்கையாளரின் பாதுகாப்புக்காக ஒரு விதி. அதாவது என் பாதுகாப்புக்காக! கணக்கை மூடிவிட்டார்கள், பணத்தை நிறுத்திவிட்டார்கள்.

"லெட்டர் போட்டோமே, வரலையா?" என்றார். எந்த முகவரிக்கு? பழைய பொருளாளர் முகவரிக்கு. ஏழாம் மாடி, வீடு பூட்டி ஆறு வருஷம்.

"இப்ப என்ன பண்ணணும்?"

ஒரு தாளை அச்சடித்து நீட்டினார். 'எனது புகார் முழுத் திருப்தியுடன் தீர்க்கப்பட்டது.' கீழே கையெழுத்து.

"எது தீர்ந்துச்சு? கட்டணத்தைத் திருப்பித் தந்தீங்களா? ஒரு பேனா வாங்கினீங்களா?"

"அது ஒரு ஃபார்மாலிட்டி மேடம்."

"முழுன்னு ஒரு வார்த்தை இருக்கே, அதையாவது அடிங்க."

"சிஸ்டம்ல மாத்த முடியாது."

தாளை அவர் மேஜையிலேயே போட்டுவிட்டு எழுந்து வந்தேன். என்னைத் திருடியாக்கிவிட்டு, நானே திருப்தி என்று எழுதித் தர வேண்டுமா? செத்தாலும் போட மாட்டேன்.

வரும் வழியில், கீழே வாசலில் அந்த ஏழாம் மாடி வீட்டுத் தபால் பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவினேன். இருந்தது. தூசியோடு மார்ச் 7 தேதியிட்ட கடிதம். என்னைக் காப்பாற்றுகிற கடிதம். வீட்டுக்கு வந்து இரண்டு முறை படித்தேன். பணம் வங்கியில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறது. ஏன் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறது. இதைக் காட்டினால் நான் திருடி இல்லை என்று ஆகும். என் வாயால்தான் இவ்வளவும் என்றும் ஆகும். அண்ணன் நாற்காலியில் தொங்கிக்கொண்டு இறங்கியதெல்லாம் நான் வங்கிக்காரியைத் திட்டின சுகத்துக்காக.

கடிதத்தை அலமாரியில் துணிக்கடியில் வைத்தேன்.

மார்ச் 28, வெள்ளி

சாயங்காலம் கடையிலிருந்து வந்து படி ஏறிக்கொண்டிருந்தேன். மேலிருந்து இரண்டு ஆட்கள் எதையோ சாக்கில் சுற்றி இறக்கிக்கொண்டு வந்தார்கள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் யார் வீட்டுப் பொருளும் ரகசியமாகப் போக முடியாது. சாக்கு விலகின இடத்தில் பச்சை நிறம் தெரிந்தது. குண்டூசியின் ஓவர்லாக் மிஷின். துணி ஓரம் அடிப்பதற்கு மூன்று வருஷம் சீட்டுக் கட்டி வாங்கியது. வாங்கின அன்றைக்கு என் பழைய பாவாடைக்கு எல்லாம் ஓரம் அடித்துக் கொடுத்துச் சிரித்தாள்.

"எங்கே கொண்டு போறீங்க?"

"வித்துட்டாங்கம்மா."

வீட்டுக்குள் போய்த் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். மாடிக்கு இவ்வளவு, ஆறு மாடி, ஏறி இறங்க, வாரத்துக்கு மூன்று நாள், ஐந்து வாரம். கூட்டிப் பார்த்தேன். பழைய ஓவர்லாக் மிஷின் என்ன விலைக்குப் போகும்? ஏறக்குறைய அதேதான்.

அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பேச விட்டால்தானே?

இன்னும் கோபம் போகவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். அவள் சொன்னது சொன்னதுதான். ஆனால் மிஷின் போனது என் வாயால். வங்கித் தாளில் நேற்றே கையெழுத்துப் போட்டிருக்கலாம். பாவி நான்.

நாளைக்கு மேனேஜர் இருக்க மாட்டார் என்று நேற்றே சொன்னார்கள், மறுநாள் ஞாயிறு.

மார்ச் 31, திங்கள்

போட்டேன். முழுத் திருப்தியுடன். மேனேஜர் டீ சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கவுன்ட்டர் பெண் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டாள். அவளும் பாவம், நாள் முழுக்க என்னைப் போல எத்தனை பேரோ.

ஐந்து வேலை நாளாம். கேட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

வரவில்லை. நாளை மறுநாள் மோட்டார் வந்து இறங்குகிறது. மீதிப் பணம் எங்கே என்று தலைவர் கேட்டார். திங்கள் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஏப்ரல் 5, சனி

மோட்டார் பெட்டி கீழே வந்துவிட்டது. கம்பெனிக்காரர் பணத்தைப் பார்க்காமல் பிரிக்க மாட்டேன் என்கிறார். அண்ணனைத் தூக்கி வந்தவர்கள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "ஐயோ, நம்ம வண்டிக்கு எஞ்சின் வந்துருச்சே!" என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார் அண்ணன். நான் கீழ்வாசல் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஏப்ரல் 7, திங்கள்

காலை பத்து பதினேழு. வந்துவிட்டது. நாலு லட்சத்துப் பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது. முந்நூற்று அறுபது குறைகிறது. கணக்கை மூடிய கட்டணமாம்! பிடித்துக்கொள்ளட்டும்.

கடையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி பதறிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தார். சாயங்காலமே மீதி ஒன்றரை லட்சம் லிஃப்ட் கம்பெனிக்குப் போய்விட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்

நானே கூட்டம் கூட்டினேன். படியில்தான். புதுக் கணக்கின் விவரத்தையும், என் வைப்பு நிதியை உடைத்த சீட்டையும், துணிக்கடியில் இருந்த கடிதத்தையும் எடுத்துப் போனேன். முதல் இரண்டை மட்டும் காட்டிவிட்டு வந்திருக்கலாம். போகும்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

குமாஸ்தா சீட்டைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். "அப்ப... முன்பணம்?" என்றார். "என்னோடது" என்றேன். ஒரு இருமல் கூட இல்லை. ஜெயித்துவிட்டேன். அந்த நிசப்தத்தை இரண்டு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறேன். வந்தபோது வாயெல்லாம் கசந்தது. ஆறாம் மாடிப் பக்கம் மேல்படியில் குண்டூசி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதனால்தான் கடிதத்தையும் எடுத்தேன்.

"பணம் ஏன் நின்னுச்சுன்னு யாரும் கேக்கலையே. நான் சொல்றேன்" என்று படித்தேன். கூடவே இணைத்திருந்த என் பதினோரு வரியையும் படித்தேன், ஒன்று விடாமல். கட்டணம், வரிசை, நூலில் கட்டின பேனா. 'ஆன்ட்டி' வந்ததும் தலைவர் முதலில் சிரித்தார். அப்புறம் ஒவ்வொருவராக. குமாஸ்தா கூட. நான் சிரிக்கவில்லை. "என் வாய்க்கொழுப்புக்கு ஆறாவது மாடியில கூலி குடுத்திருக்காங்க. ஆம்புலன்ஸ்காரங்க தூக்கினதுக்கு ஆன செலவை என் காசுல இருந்து கழிச்சு அங்க குடுத்துடுங்க" என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது சங்கச் செலவும்மா. உங்களோடது முழுசா உங்களுக்கு" என்று அங்கேயே செக் எழுதினார்.

நிமிர்ந்து பார்த்தேன். மேல்படியில் அவள் இல்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

லிஃப்ட் ஓடுகிறது. பிள்ளைகள் பொழுது சாயும்வரை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஒருவரும் திட்டவில்லை.

ஏப்ரல் 12, சனி

அண்ணன் சக்கர நாற்காலியில் லிஃப்டில் இறங்கினார். நாலாம் மாடியில் லிஃப்ட் நின்ற சத்தம் கேட்டது. கதவு திறந்தது, கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது, மூடியது. யாரும் வரவில்லை. நானும் போகவில்லை.

நான் போயிருக்கலாமோ? எதற்கு? என்னைத் திருடி என்றவள் அவள். மிஷினைத் தின்றவள் நான். யார் முதலில் வாயைத் திறப்பது?

ஏப்ரல் 16, புதன்

காலையில் கடைக்குக் கிளம்பி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் குண்டூசி. வாயில் ஊசி இல்லாமல் அவள் முகம் வேறு மாதிரி இருக்கிறது. இளைத்திருக்கிறாள்.

"அவருக்கு டயாலிசிஸ் ஊசி போடுற கையில ஒரு சின்ன ஆபரேஷன். மூணு நாள் ஆஸ்பத்திரியில இருக்கணும்" என்றாள்.

"எப்ப?"

"இப்பதான் கிளம்புறோம். அவர் கீழ வண்டியில உக்காந்துட்டார்."

ஒரு வளையத்தை நீட்டினாள். இரண்டு சாவி. வாங்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பெரிசு வீட்டுச் சாவி. இது பீரோ" என்றாள். "சங்கத்துல குடுத்த கூலிப் பணம், தைக்கக் குடுத்தவங்களோட அட்வான்ஸ், என் வளையல், எல்லாம் அதுலதான் இருக்கு. ஏதாவது அவசரம்னா போன் பண்றேன், நீ எடுத்துட்டு வா."

ஆனாலும் இந்த நாக்கு சும்மா இருக்குமா? குத்த வேண்டும் என்றுதான் கேட்டேன்.

"எண்ணி வச்சிருக்கியா? அப்புறம் வந்து குறையுதுன்னு சொல்லாத."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் குரல் தடுமாறவில்லை.

"எண்ணலடி. எவ்வளவு இருக்குன்னு எனக்கே தெரியாது."

கீழேயிருந்து ஹாரன் அடித்தது. அண்ணன்தான், வேறு யார் அப்படி மூணு தடவை அடிப்பார்கள்? அவள் திரும்பி லிஃப்டுக்கு ஓடினாள். சாவி என் கையில் இருந்தது. எப்போது வாங்கினேன் என்று தெரியவில்லை.

கடைக்கு அரை மணி தாமதம். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.